அறுபத்துமூன்று மேற்கோள்களும் ஒரு பக்க எண்ணும்

கட்டுரையை அனுப்பிய மூன்றாம் நாளே ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. இத்தனை சீக்கிரம் வரும் பதில் நல்ல பதிலாக இருக்காது என்று தெரிந்தும் ஆவலோடுதான் திறந்தேன். கட்டுரை மதிப்பாய்வாளர் கைக்கே போகவில்லை. அலுவலகச் சரிபார்ப்பிலேயே திருப்பிவிட்டார்கள். நான்கு வரிக் காரணம்: மேற்கோள் பட்டியல் எங்கள் நடையில் இல்லை, பட்டியலில் உள்ள 14, 38, 52 ஆகியவை கட்டுரைக்குள் எங்கும் வரவில்லை, கட்டுரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட இரண்டு ஆய்வுகள் பட்டியலில் இல்லை, திருத்தி மீண்டும் அனுப்பவும்.

குடிநீர்க் குழாய்களின் உட்சுவரில் படியும் பாக்டீரியாப் படலம் பற்றி இரண்டரை ஆண்டு வேலை செய்திருந்தேன். ஒரு தசமப் புள்ளிக்காக ஒரு வாரம் முழுக்கத் தரவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மேற்கோள் பட்டியலுக்கு நான் ஒதுக்கியது கடைசி இரண்டு இரவுகள். ஆனாலும் அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் கோபம் வந்தது. காற்புள்ளி எங்கே இருந்தால் என்ன, அறிவியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்களா என்று பேராசிரியரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பதினான்காவது மேற்கோள் கட்டுரையில் எங்கே போனது அம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

அது எங்கே போனது என்பதைத் தேடியபோதுதான் அந்த இரண்டு இரவுகளில் நான் செய்த கூத்து முழுவதும் வெளியே வந்தது. முதலில் வேறோர் ஆய்விதழுக்காக, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கொண்டு மேற்கோள் காட்டும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்க) நடையில் எழுதிய கட்டுரை அது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். இரண்டாவது இதழ், எண்களால் மேற்கோள் காட்டும் வான்கூவர் நடையைக் கேட்டது. கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருந்த இடங்களிலெல்லாம் எண்களைக் கையால் போட்டேன். முடித்து நிமிர்ந்தபோது, இணையாசிரியர் ஒருவர் முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்து அனுப்பினார். அதில் ஒரு புதிய மேற்கோள், நான்காவது இடத்தில். ஆக, பழைய 4 இனி 5, பழைய 5 இனி 6, இப்படியே கடைசி வரை.

வேர்டில் தேடி மாற்றும் வசதி இருக்கும்போது என்ன கவலை என்று நினைத்தேன். சதுர அடைப்புக்குள் இருந்த 4 அனைத்தையும் 5 ஆக்கினேன். பிறகு 5 அனைத்தையும் 6 ஆக்கினேன். பிறகு 6 அனைத்தையும் 7. இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு இரவு ஒன்றரை மணிக்கு, 11 வரை வந்த பிறகுதான் புரிந்தது. கட்டுரையில் 4 முதல் 11 வரை இருந்த எட்டு மேற்கோள்களும் 12 என்ற ஒரே எண்ணில் ஒன்று கலந்து நின்றன, ஏற்கெனவே இருந்த 12ஐயும் சேர்த்து. கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்திருந்தால் இந்த விபத்து நேர்ந்திருக்காது. பழைய படியைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்தேன். அந்தக் களேபரத்தில்தான் 14 வழியில் எங்கோ விழுந்திருக்கிறது.

வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை விதிகளைப் படித்துவிட்டு.

நடைகள் ஏன் இத்தனை என்ற எரிச்சல் எல்லோருக்கும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கம் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தை இனம் ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். வான்கூவர் நடை, 1978இல் அந்த நகரத்தில் மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசியதன் விளைவு. ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சு செய்யும் துன்பத்தை ஆய்வாளர்களுக்குக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நான் இரவு ஒன்றரை மணிக்கு விழித்திருந்தேன் என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை.

ஏபிஏ நடையில் ஆண்டு, ஆசிரியர் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் வரும். முன்னெழுத்துகளுக்குப் புள்ளி உண்டு. தொகுதி எண் சாய்வெழுத்தில் இருக்கும். பக்க எண்கள் முழுமையாக வரும். வான்கூவர் நடையில் முன்னெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது; ஆய்விதழின் சுருக்கப் பெயருக்குப் பின்னால்தான் ஆண்டு; அதை அடுத்து அரைப்புள்ளி, தொகுதி, அடைப்புக்குறிக்குள் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கங்கள். பக்க எண்ணிலும் சிக்கனம் பிடிப்பார்கள்: 284 முதல் 287 வரை என்றால் 284-7 என்று எழுதினால் போதும். பொறியியல் இதழ்கள் கேட்கும் ஐ ட்ரிபிள் ஈ நடையில் முன்னெழுத்து முன்னால், குடும்பப் பெயர் பின்னால். ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தால் எத்தனை பேரைக் குறிப்பிடுவது என்பதும் மாறும். வான்கூவரைப் பின்பற்றும் பல இதழ்கள் ஆறு பேரோடு நிறுத்தி 'மற்றும் பலர்' என்று முடித்துவிடும். ஏபிஏ ஏழாம் பதிப்பு இருபது பேர் வரை எல்லோரையும் எழுதச் சொல்கிறது.

அந்த 'ஏழாம் பதிப்பு' என்ற சொல்லில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். என்னிடம் இருந்த கையேடு ஆறாம் பதிப்பு. ஏழாவது 2019 அக்டோபரில் வந்துவிட்டது. பழைய விதிப்படி நூல்களுக்குப் பதிப்பக ஊரையும் எழுதியிருந்தேன். புதியதில் ஊர் தேவையில்லை. டிஓஐ எண்ணை, அதாவது ஒரு கட்டுரைக்கு இணையத்தில் உள்ள நிலையான அடையாள எண்ணை, பழையபடி முன்னொட்டோடு எழுதியிருந்தேன். புதியதில் அதை முழு இணைய முகவரியாகத் தர வேண்டும். மூன்று ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறை எல்லோர் பெயரையும் எழுதியிருந்தேன். புதியதில் முதல் முறையே முதலாசிரியர் பெயரும் 'மற்றும் பலர்' என்பதும் போதும். எனவே நடையின் பெயரைக் கேட்கும்போதே பதிப்பையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஆய்விதழ் 'வான்கூவர்' என்று சொன்னாலும் அது தனக்கென்று வளைத்துக்கொண்ட வான்கூவராகத்தான் இருக்கும். எண் சதுர அடைப்புக்குள்ளா, மேலெழுத்தாகவா? முற்றுப்புள்ளிக்கு முன்னா, பின்னா? இதழ் எண் வேண்டுமா? ஆசிரியர் வழிகாட்டியில் சில சமயம் ஒரு பக்கம் ஒன்றும் அடுத்த பக்கம் வேறொன்றும் இருக்கும். அப்படி முரண்படும்போது அதே இதழில் கடந்த சில மாதங்களில் வந்த இரண்டு கட்டுரைகளைத் திறந்து அவர்களின் பட்டியலைப் பார்த்து அதையே பின்பற்றுகிறேன். இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

எல்லாவற்றையும் மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளுக்கு மாற்றும்படி ஆய்வகத்தில் ஒரு தம்பி சொன்னான். ஜோட்டெரோவைத் தேர்ந்தெடுத்தேன், இலவசம் என்பதால். மெண்டலே, எண்ட்நோட், லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்குப் பிப்டெக் என்று எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு கட்டுரையின் விவரமும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும், நீங்கள் நடையின் பெயரைச் சொன்னால் காற்புள்ளிகளை அது போட்டுக்கொள்ளும். நடையை மாற்ற ஒரு சொடுக்கு. நடுவில் ஒரு மேற்கோளைச் செருகினால் எண்கள் தாமே நகரும். என் இரண்டு இரவு வேலையை அது நான்கு வினாடியில் செய்து முடித்ததைப் பார்த்தபோது மகிழ்ச்சியைவிட வெட்கமே அதிகமாக இருந்தது.

வெட்கம் அடங்குவதற்குள் பட்டியலில் ஒரு புதிய ஆசிரியர் கண்ணில் பட்டார்: 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' யார் இந்த மனிதர் என்று ஒரு கணம் யோசித்தேன். உலக சுகாதார நிறுவனம்! வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன் என்பதில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் மற்ற இரண்டையும் முன்னெழுத்துகளாகவும் மென்பொருள் எடுத்துக்கொண்டது. குற்றம் அதன்மேல் இல்லை. நிறுவனப் பெயரை ஒற்றைக் கட்டத்தில் இடுவதற்கு ஜோட்டெரோவில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை நான் அழுத்தவில்லை. எண்ட்நோட்டில் நிறுவனப் பெயரின் இறுதியில் ஒரு காற்புள்ளி போட வேண்டும். பிப்டெக்கில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் வைக்க வேண்டும். இந்த ஆர்கனைசேஷன் ஐயாவை அச்சில் வெளிவந்த கட்டுரைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் பெயர்கள் தனிப் பாடம். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். தரவுத்தளங்கள் சில அதைத் தலைகீழாக்கிவிடும். ஸ்பானியர் பலருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். முதலாவதை நடுப்பெயர் என்று நினைத்து முன்னெழுத்தாகச் சுருக்கிவிடுவோம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களும் இருக்கிறார்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் தம் பெயரை எப்படி எழுதியிருக்கிறார், 'இவ்வாறு மேற்கோள் காட்டவும்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

ஏபிஏ நடையில் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரே ஆசிரியரை ஒரு பதிவில் ஒரு முன்னெழுத்தோடும் இன்னொன்றில் இரண்டு முன்னெழுத்துகளோடும் சேமித்திருந்தால், மென்பொருள் அவரை இரண்டு பேராக நினைத்துக்கொண்டு, வேறுபடுத்திக் காட்டுவதற்காகக் கட்டுரைக்குள்ளும் முன்னெழுத்தைச் சேர்க்கும். சில பெயர்களுக்கு மட்டும் ஏன் முன்னெழுத்து வருகிறது என்று மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் பதிவுகளைத் திறந்து பார்க்கலாம்.

தலைப்புகளை இறக்குமதி செய்யும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் வரும். ஒன்று முழுவதும் பெரிய எழுத்தில், இன்னொன்றில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரியதாக. முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வைத்து எல்லாவற்றையும் சேமித்துவிடுவது நல்லது. தேவைப்படும் நடைக்கு மென்பொருள் அதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். பெரியதைச் சிறியதாக்கச் சொன்னால், எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது. பிப்டெக்கில் பல நடைகள் தலைப்பைத் தாமே சிறிய எழுத்தாக்கிவிடும். டிஎன்ஏ போன்ற சுருக்கங்களை நெளிவு அடைப்புக்குள் பூட்டி வைக்க வேண்டும். பாக்டீரியாப் பெயர்களின் சாய்வெழுத்தும் இறக்குமதியில் பெரும்பாலும் தொலைந்துபோகும். எனக்கு அப்படி இருபத்தொரு தலைப்புகள்.

இவையெல்லாம் ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டன. பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. அன்றே அனுப்பியிருப்பேன். "ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டாயா?" என்று பேராசிரியர் கேட்டார். பார்த்துவிட்டேன் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேள்வியில் 'மூலத்தோடு' என்ற சொல் இருந்தது.

இருபத்தேழாவது மேற்கோள் 1980களில் வந்த ஒரு கட்டுரை. டிஓஐ எண் இல்லாமல் பதிவு செய்திருந்தேன். பழைய கட்டுரைகளுக்கும் பின்னாளில் டிஓஐ எண் கொடுத்திருப்பார்கள். டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்தது. ஆனால் அங்கே பக்கம் 1143 என்றிருந்தது. என் பட்டியலில் 1134. தளத்தில்தான் பிழை என்று நினைத்து அந்தத் தொகுதியின் வருடிய (ஸ்கேன் செய்த) படியைத் திறந்தேன். 1134ஆம் பக்கம் பாலில் உள்ள ஒரு நொதியைப் பற்றிய வேறொரு கட்டுரையின் நடுப்பக்கம். பாதி வாக்கியத்தில் தொடங்கியது.

அந்த எண் எனக்கு எங்கிருந்து வந்தது? என் பழைய கோப்புகளைத் தேடியபோது கிடைத்தது: வேறொருவரின் கட்டுரைப் பட்டியலிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். அவரும் எங்கிருந்தோ எடுத்திருக்கிறார். அதே 1134 இன்னும் இரண்டு கட்டுரைகளில் இருந்தது. மூன்று பேரும் ஒரே இடத்தில் தனித்தனியாக விரல் தவறியிருக்க முடியாது.

மிகைல் சிம்கின், வானி ராய்சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் இதையே கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஏறத்தாழ 4300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரையை எடுத்தார்கள். 196 மேற்கோள்களில் அச்சுப்பிழை இருந்தது. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45 மட்டுமே. பக்க எண்ணில் நேர்ந்த ஒரே பிழை 78 இடங்களில் அப்படியே இருந்தது. இதிலிருந்து, மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டின் முறையைப் பற்றி வாதிடலாம். வாதிடும் தகுதி அன்று எனக்கு இல்லை.

வருடிய படிதான் திறந்திருக்கிறதே என்று 1143 முதல் படித்தேன். 'குழாயின் பொருள் எதுவாயினும் படலம் ஒரே வேகத்தில் வளர்கிறது' என்று அந்தக் கட்டுரை நிறுவியதாக என் முன்னுரையில் எழுதியிருந்தேன். கட்டுரையில் இருந்தது வேறு. அவர்கள் ஒரே வகைக் குழாயைத்தான் சோதித்திருந்தார்கள். மற்ற பொருள்களைப் பற்றி முடிவுரையில் ஓர் ஊகம், அதுவும் 'இருக்கலாம்' என்ற சொல்லோடு. நான் எடுத்து ஒட்டியது பக்க எண்ணை மட்டுமல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஊகத்தை உண்மையாக்கியதும் அதே மூன்று கட்டுரைகள்தான். முன்னுரையின் அந்தப் பத்தியைக் கலைத்து வேறாக எழுத வேண்டியிருந்தது.

அதன்பிறகு மற்ற அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆறு நாள் ஆனது. நான்கு பதிவுகளில் ஆண்டு தவறு. கட்டுரை முதலில் இணையத்தில் வெளியான ஆண்டையும் தொகுதியில் சேர்ந்த ஆண்டையும் குழப்பியிருந்தேன். இரண்டு முன்பதிப்புகள் (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்பட்ட படிகள்) இதற்குள் முறையாக ஆய்விதழில் வெளிவந்துவிட்டன. ஒன்றில் எண்களே மாறியிருந்தன. ஒரு பதிவைத் திறந்ததும் ஜோட்டெரோ மேலே சிவப்புப் பட்டை காட்டியது: திரும்பப் பெறப்பட்ட கட்டுரை, அதாவது வெளியான பிறகு ஆய்விதழ் விலக்கிக்கொண்டது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற குழுவினர் திரட்டிய தரவை வைத்து அது எச்சரிக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் பெற்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. மென்பொருள் இல்லாதவர்களும் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுரையை நான் படித்தபோது அது நல்ல நிலையில்தான் இருந்தது. சேமித்த பிறகு ஒன்றரை ஆண்டு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இல்லாத கட்டுரைகள் மேற்கோளாவதும் உண்டு. ஒரு பெரிய பதிப்பகம் தன் மாதிரி வடிவத்தில், மேற்கோள் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக 2000ஆம் ஆண்டில் வந்ததாக ஒரு கற்பனைக் கட்டுரையைக் கற்பனை ஆய்விதழின் பெயரோடு வைத்திருந்தது. மாதிரியை அழிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ, அந்தக் கட்டுரை நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அந்த வேலையை இன்னும் திறமையாகச் செய்கின்றன: உண்மையான ஆசிரியர், உண்மையான ஆய்விதழ், நம்பும்படியான தலைப்பு, இல்லாத கட்டுரை. டிஓஐ எண்ணைச் சொடுக்கி, திறக்கும் பக்கத்தின் தலைப்பைப் படிப்பதற்கு பத்து வினாடி போதும். எண் வேலை செய்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறொரு கட்டுரையும் திறக்கலாம்.

இப்போது ஒரு கட்டுரையைச் சேமிக்கும் அன்றே பதிவைக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒத்துப் பார்த்துவிடுகிறேன். இரண்டு நிமிடம் ஆகும். குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதுகிறேன்: இதை எதற்காக மேற்கோள் காட்டப்போகிறேன், எந்தப் பக்கம். அனுப்புவதற்கு முந்தைய நாள் திரும்பப் பெற்றவற்றையும் முன்பதிப்புகளையும் மட்டும் மறுபடி பார்க்கிறேன்.

மென்பொருள் இணைப்புள்ள படியை எப்போதும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சில இதழ்கள் இணைப்புகளை நீக்கிய வெற்று உரையைக் கேட்கும். நீக்கிய படியில் மேற்கோள்கள் வெறும் எழுத்துகளாகிவிடும்; மதிப்பாய்வுக்குப் பிறகு அதிலேயே திருத்தத் தொடங்கினால் மீண்டும் 4ஐ 5 ஆக்கும் திருவிழாதான். இணையாசிரியர்கள் அடைப்புக்குள் இருக்கும் எண்ணைக் கையால் திருத்துவதையும் தடுக்க வேண்டும். நான் அவர்களுக்குக் கோப்பை அனுப்பும்போது முதல் வரியிலேயே சிவப்பில் எழுதிவிடுவேன். அப்படியும் ஒருவர் திருத்துவார்.

அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோள்கள் எண்முறை நடையில் ஒரு கண்ணி. அட்டவணையைக் கட்டுரையில் முதலில் குறிப்பிடும் இடத்தைக் கொண்டுதான் அவற்றுக்கு எண் வர வேண்டும். ஆனால் அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைக்கச் சொல்வார்கள். மென்பொருளும் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். அட்டவணையை அதன் இடத்திலேயே வைத்து எழுதி, இணைப்பை நீக்கிய பிறகு கடைசிக்கு நகர்த்துகிறேன். ஆய்விதழ்ப் பெயர்களின் சுருக்கத்தை ஊகிக்காதீர்கள், பட்டியல்கள் இருக்கின்றன. ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கவே கூடாது.

முதல் முறை அனுப்பும்போது எந்த நடையானாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்று இப்போது பல இதழ்கள் சொல்கின்றன. அனுப்பும் முன் வழிகாட்டியில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மறுக்கப்படும் வாய்ப்பே அதிகமுள்ள கட்டுரைக்கு ஒவ்வொரு முறையும் புது அலங்காரம் கேட்பது அநியாயம் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் பட்டியலுக்கும் கட்டுரைக்கும் பொருந்தாத எண்களைத் திருப்பி அனுப்பியது நியாயம்.

கட்டுரை ஏற்கப்பட்டு, அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் கெடு. ஓரத்தில் பதினொரு கேள்விகள். எட்டு, மேற்கோள்களைப் பற்றியவை. ஒன்றில் தொகுதி எண் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்கள், ஒன்றில் நகரத்தின் பெயர். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: "மேற்கோள் 27: தாங்கள் 1143 என்று கொடுத்திருக்கிறீர்கள். பிற கட்டுரைகளில் 1134 என்று காண்கிறோம். 1134 என மாற்றியிருக்கிறோம். சரிதானா?"

வருடிய படியின் முதல் பக்கத்தை இணைத்து அனுப்பினேன்.